நடுவில் விழுந்த கேட்ச்

கோடையில் தண்ணீர் வற்றிவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து ஏரிகள் கிரிக்கெட் மைதானங்களாகிவிடும். குச்சிக்கிழங்கு பிடுங்கிய காட்டிலும் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலும் ஞாயிறு காலையிலேயே ஆட்டம் தொடங்கும். லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவர், விசைத்தறி ஓட்டுபவர், கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுபவர், கல்லூரி மாணவர் எல்லாரும் ஒரே அணி. முடிந்து டீக்கடைக்கு வரும்போது ஜெயித்த பேச்சு கொஞ்ச நேரம்தான். "உன் கேட்ச்தானே மாப்ள, ஏன் விட்டே?" "நீ வர்றேன்னு நெனச்சேன் பங்காளி." அடுத்த வாரமும் இதே பேச்சு நடக்கும்.

இத்தகைய மனத்தாங்கல்களுக்கு நாம் ஆளின் குணத்தைத்தான் காரணம் சொல்கிறோம். ஒருவன் சோம்பேறி, இன்னொருவன் புளுகன் என்று முடித்துவிடுகிறோம். கண்ணும் காதும் நினைவும் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால், இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் இரண்டு பேருமே உண்மை பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயரக் கேட்சையே எடுத்துக்கொள்வோம். பந்து எங்கே விழும் என்று மூளை கணக்குப் போட்டு, அந்த இடத்துக்கு ஓடச் சொல்கிறது என்றுதான் நினைப்போம். 1968இல் செவில் சாப்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வேறொரு வழியைச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு செங்குத்தாக நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து அதில் ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி மேலே ஏற ஏற வேகம் கூடினால் பந்து நம்மைத் தாண்டிப் போகும். பின்னால் ஓட வேண்டும். ஏறும் வேகம் குறைந்தால் முன்னால் விழும். முன்னே ஓட வேண்டும். புள்ளி ஒரே சீராக ஏறிக்கொண்டிருக்கும்படி நம் ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், பந்து கைக்கே வந்து சேரும். 1990களில் பீட்டர் மெக்லியோட், சோல்டான் டீனஸ் என்ற இரு ஆய்வாளர்கள், கேட்ச் பிடிக்க ஓடுகிறவர்களைப் படம்பிடித்து அளந்து பார்த்தார்கள். அவர்களின் ஓட்டம் கிட்டத்தட்ட இந்த விதிப்படியே இருந்தது.

இதன் பொருள் என்னை இன்னும் வியக்க வைக்கிறது. ஓடுகிற பீல்டருக்குப் பந்து விழும் இடம் தெரியாது. அங்கே போய்ச் சேரும் வழி மட்டும் தெரியும். அந்த வழியும் கண் பந்தைவிட்டு அகலாத வரைக்கும்தான். லாங் ஆனில் நிற்பவரும் மிட் விக்கெட்டில் நிற்பவரும் வானத்தைப் பார்த்தபடியே, ஆளுக்கொரு புள்ளியைச் சீராக ஏற்றிக்கொண்டு, ஒரே இடத்துக்கு ஓடி வருகிறார்கள். பக்கத்தில் யார் வருகிறார் என்று பார்க்கக் கண் மிச்சமில்லை. கடைசி நொடியில் ஓர் ஆளின் நிழல் ஓரக்கண்ணில் பட்டதும் இருவரும் நின்றுவிடுகிறார்கள். பந்து நடுவில் விழுகிறது.

நிற்காவிட்டால் இன்னும் மோசம். 1999 செப்டம்பரில் கண்டி டெஸ்டில் மகேல ஜயவர்தன ஸ்வீப் ஆடிய பந்து உயர எழும்பியது. ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா பின்னோக்கி ஓட, சக வீரர் ஜேசன் கில்லெஸ்பி எல்லைப் பக்கமிருந்து முன்னோக்கி ஓடி வர, இருவரும் மோதிக்கொண்டார்கள். வாவின் மூக்கு உடைந்தது, கில்லெஸ்பியின் கால் முறிந்தது. உலகின் தலைசிறந்த அணியிலேயே இது நடந்தது.

கண் கட்டுண்டு கிடக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் பத்தில் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். வெளிச்சத்தைவிட ஒலிக்கு நம் உடல் சற்று விரைவாகவே எதிர்வினை காட்டும்: ஒலிக்கு சுமார் 0.15 விநாடி, ஒளிக்கு சுமார் 0.2. அதனால்தான் "என்னுது!", "லீவ்!" என்று யாராவது உரக்கக் கத்துவது அவ்வளவு முக்கியம். கூச்சப்பட்டு வாய் திறக்காதவர்கள் அணியில் இருந்தால், கேப்டனே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவது நல்லது.

நம் ஊர் ஆட்டத்தில் இன்னொரு சிக்கல், பந்து. கிரிக்கெட் பந்து ஏறத்தாழ 160 கிராம். டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம்தான். மேலே சொரசொரப்பான கம்பளி இழை வேறு. காற்று அதை நன்றாகவே பிடித்து இழுக்கும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மணிக்கு சுமார் 80 கிலோமீட்டருக்கு மேல் அது வேகம் எடுக்காது. ஏறும்போது சாய்ந்து போகும் பந்து, இறங்கும்போது வேகம் செத்து, செங்குத்தாக, எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே விழும். "கைக்கு வந்த பந்து எப்படிடா முன்னால விழுந்துச்சு?" என்று கேட்பவரின் திகைப்பு நியாயமானது.

இதே பந்துதான் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் பந்துவீச்சாளர் நடராஜனை உருவாக்கியது. டென்னிஸ் பந்து நன்றாகத் துள்ளும். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 சென்டிமீட்டருக்குக் குறையாமல் எழ வேண்டும் என்பது அதற்குரிய விதி. குட்லெங்தில் போட்டாலும் இடுப்புக்கு மேல் எழும்பி, தூக்கி அடிக்க வாகாக நிற்கும். துள்ள இடம் கொடுக்காமல் பேட்ஸ்மேனின் காலடியில் இறக்கும் யார்க்கர்தான் பந்துவீச்சாளருக்குப் பிழைக்கும் வழி. யார்க்கரில் தேர்ந்த நடராஜன் 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனார். ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அதே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். எந்தப் பீல்டரின் கையையும் நம்பி வீசத் தேவையில்லாத பந்து யார்க்கர் என்பது என் எண்ணம்.

ரன் அவுட் தகராறு கேட்ச் தகராறைவிடச் சூடானது, பெரும்பாலும் அம்பயர் பேட்டிங் அணியின் ஆள் என்பதால். "நான் பேட்டை வச்சப்புறம்தான் ஸ்டம்ப்பைத் தட்டினே." "தட்டினப்புறம்தாண்டா நீ வந்தே." அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டை டாங், மைக்கேல் மெக்பீத் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த 'யார் முதலில்' கேள்வியை நேராகவே சோதித்தார்கள். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒளி மின்னியதும் ஒருவர் கையை மற்றவர் தொட வேண்டும், யார் முதலில் தொட்டது என்று இருவரும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை "நான்தான் முதலில்" என்ற பதிலே வந்தது. எதிரில் ஆளில்லாமல் 'டிக்' என்ற சத்தத்தை வைத்துச் சோதித்தபோதும் அதே சாய்வு தெரிந்தது. நாமே செய்யும் செயலை, வெளியே நடப்பதைவிட சுமார் 50 மில்லிவிநாடி முன்னதாக மூளை உணர்கிறது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவர் அந்த நேரத்தில் 30 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி தூரம் கடந்துவிடுவார். கோட்டுக்கு ஓர் அடி உள்ளே என்று ஒருவரும், வெளியே என்று மற்றவரும் சத்தியம் செய்யலாம். இருவரும் உணர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். பெரிய ஆட்டத்தில் 1992 நவம்பரில், டர்பனில் சச்சின் டெண்டுல்கரை அவுட் கொடுத்ததிலிருந்து இந்த வேலை மூன்றாம் அம்பயரிடம் போய்விட்டது. ஏரிக்குள் கேமரா கிடையாது.

மிச்சமிருப்பது, வாரம் முழுக்க நெஞ்சில் நிற்கும் எரிச்சல்: "எப்பவும் நான்தான் பந்து வாங்கறேன், ஸ்டம்ப்பும் நான்தான் தூக்கிட்டு வர்றேன்." கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவனிடமும் மனைவியிடமும் வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பல வேலைகளில் இரண்டையும் கூட்டினால் முழு அளவைத் தாண்டியது. கூடைப்பந்து வீரர்களிடம் ஆட்டத்தின் திருப்புமுனை எது என்று கேட்டபோது, பெரும்பாலோர் தங்கள் அணி செய்த ஒன்றையே சொன்னார்கள். கடைக்குப் போய் வெயிலில் நின்று பந்து வாங்கியது வாங்கியவருக்கு முழுசாக நினைவிருக்கும். அடுத்தவர் முள்வேலிக்குள் இறங்கிப் பந்து தேடியது பாதிதான் கண்ணில் பட்டிருக்கும்.

இதைத் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாதபடி அந்த ஆய்விலேயே ஒரு சான்று இருக்கிறது. சண்டையைத் தொடங்குவது போன்ற கெட்ட காரியங்களிலும் தம் பங்கைக் கூட்டியே கணவன் மனைவி இருவரும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி, லாங் ஆனில் கேட்ச் விட்டவரின் மனத்தில் அந்தக் கேட்ச், டீக்கடையில் அவரைத் திட்டியவர்கள் எல்லாரையும்விடப் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும்.