பட்டிலிருந்து ஒரு மருந்துக்கூழ்

மாதுங்காவிலே கலியாணப் பட்டு எடுக்கச் செல்வோர், புடவை கைக்கு வந்ததும் முதலில் தடவித்தான் பார்ப்பார்கள். அந்த வழவழப்புக்குரிய பொருள் பைப்ராயின் என்னும் ஒரு புரதம். மருந்தை உடலுக்குள் சிறிது சிறிதாக விடுக்கும் பாத்திரமாக இப்புரதத்தை ஆக்கலாமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

இதன் அவசியம் யாது? நீரிழிவினால் விழித்திரை வீங்கிப் பார்வை மங்கியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மருந்து சில வாரங்களில் அங்கிருந்து நீங்கிவிடும். ஆதலின், தொடக்கத்தில் மாதந்தோறும் ஊசி வேண்டியிருக்கிறது. தாராவியில் வாழும் தொழிலாளி ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி நஷ்டம். துணைக்கு வரும் மகனுக்கும் அவ்வாறே. தவணை தவறினாலோ, பார்வைக்கே ஆபத்து. ஓர் ஊசி மூன்று மாதம் நின்று பயன் தருமானால் அது சிறு உதவி அன்று.

பட்டுக்கூட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு பைப்ராயின். எஞ்சியதிற் பெரும்பகுதி செரிசின் என்னும் பசை. சோப்பு நீரில் கொதிக்கவைத்து அப்பசையைப் போக்குவது சாயம் தோய்ப்போர் நெடுங்காலமாக அறிந்த வேலை. ஆய்வுக்கூடத்திலும் சோடா நீரில் கொதிக்கவைப்பதே முதற்படி. பட்டிழையால் காயம் தைத்தபோது சிலருக்கு உண்டான ஒவ்வாமைக்குச் செரிசினையே பெரிதும் குறை கூறுவார்கள். பசை நீங்கிய இழையை லித்தியம் புரோமைடு என்ற உப்புக் கரைசலில் 60 டிகிரி வெப்பத்தில் கரைத்து, பிறகு நுண்துளைச் சவ்வின் வழியே உப்பை மட்டும் நீருக்குள் கழியவிடுகிறார்கள். மிஞ்சுவது பைப்ராயின் கலந்த நீர்.

இந்நீரில் புரதச் சங்கிலிகள் ஒழுங்கின்றிச் சுருண்டு கிடக்கும். சிறிது அமிலம் சேர்த்தாலும், செவிக்கு எட்டாத நுண்ணொலியைச் செலுத்தினாலும், அவை நீண்டு, மடிந்து, ஏடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக்கொள்கின்றன. அவ்வடுக்குகளே முடிச்சுகள், முடிச்சுகளுக்கிடையே நீர் சிறைப்படுகிறது. பால் தயிராவதைப்போல என்று சொல்லலாம். ஆனால் தயிரைக் கலக்கினால் மோராகும், இம்முடிச்சுகளோ அவ்வளவு எளிதில் அவிழ்வதில்லை. உறைவதற்கு முன் மருந்தைக் கலந்துவிட்டால் அது வலைக்குள் அகப்படும். கடுமையான ரசாயனம் எதுவும் இவ்விடத்தில் வேண்டாம் என்பதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஏனெனில் இக்காலத்து மருந்துகள் பல தாமும் புரதங்களே, எளிதிற் கெடுபவை. பைப்ராயினின் செறிவைக் கூட்டினால் வலை நெருங்கும், மருந்து மெதுவாகக் கசியும். சிறு மூலக்கூறுகள் மட்டும் விரைந்து தப்பிவிடுகின்றன. அது இன்னும் தீராத தொல்லை.

அமெரிக்காவிலே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் கப்லானும் அவருடன் உழைத்தவர்களும், பெவாசிஸுமாப் என்ற கண் மருந்தைப் பட்டுக்கூழில் இட்டு முயல்களின் கண்ணில் செலுத்தி, அது மூன்று மாதம் வரை வெளிப்பட்டதை 2015-ல் வெளியிட்டனர். முயல் வேறு, மனிதர் வேறு என்பதை மறத்தலாகாது. நம் நாட்டிலும் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுபாஸ் குண்டுவின் குழுவினர், காட்டு மரங்களில் வளரும் டசர்ப் பட்டின் புரதங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். உயிரணுக்கள் பற்றிக்கொள்ளத்தக்க ஒரு தொடர் அப்பட்டில் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

நீர்க்கூழ் என்பது மும்பைக்குப் புதிதன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார், பாலிவினைல் ஆல்கஹால் கரைசலின்மீது கதிரைச் செலுத்திப் புண்ணுக்கு இடும் நீர்க்கூழ்க் கட்டினை உருவாக்கினார்கள். கதிரே மூலக்கூறுகளைப் பிணைக்கும். அதுவே கிருமியையும் கொல்லும். மருத்துவச் சாதனங்களைக் காமாக் கதிரால் தூய்மை செய்யும் ஐசோமெட் நிலையமும் 1974 முதல் அங்கே உண்டு. மருந்தேற்றிய பட்டுக்கூழுக்கு இவ்வழி அத்துணை எளிதன்று: கதிர் பைப்ராயின் சங்கிலியை அறுக்கவும் கூடும், உள்ளிருக்கும் மருந்தைக் கெடுக்கவும் கூடும். ஆகவே, உறைவதற்கு முன்பே நீரை மிக நுண்ணிய வடிகட்டியிற் செலுத்திக் கிருமி நீக்கி, அதன்பின் உறையவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தும், ஒரு கூட்டுத் தொகுதிக்கும் மற்றொன்றுக்கும் கூழின் தன்மை சிறிது மாறிவிடுகிறது.