பெட்ரோலும் மின்சாரமும் ஒரே காரில்!

(நமது தங்கவயல் நிருபர்)

விற்பனைக்கு வந்தபோது விலை 2 கோடியே 29 லட்சம் ரூபாய். நான்கு பேர் உட்காரலாம். பின்னால் உட்காரும் இருவர் குழந்தைகளாக இருந்தால் நல்லது. 2015-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி இந்தியாவில் விற்பனைக்கு விட்ட 'ஐ-8' கார்தான் அது. நம்மில் யாரும் வாங்கப்போவதில்லை. ஆனாலும் அதன் நுட்பம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2009-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் கண்காட்சியில் இது மாதிரி வண்டியாக வந்தது. 2014-ல் லைப்சிக் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. பின்புறம் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 231 குதிரை சக்தி. அது பின்சக்கரங்களை ஓட்டும். முன்புறம் 131 குதிரை சக்தி கொண்ட மின்மோட்டார். அது முன்சக்கரங்களை ஓட்டும். இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது. எது எப்போது எவ்வளவு உழைப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

நடுவில் பேட்டரி. பிளக்கில் சொருகி சார்ஜ் செய்யலாம். கம்பெனி கணக்குப்படி, மின்சாரத்தில் மட்டும் 37 கிலோமீட்டர் ஓடும். அதாவது ராபர்ட்சன்பேட்டையில் புறப்பட்டு, நிதானமாக ஓட்டினால், கோலார் டவுன் வரை பெட்ரோல் செலவில்லை. பெங்களூர் போக எஞ்சின் வேண்டும்.

பேட்டரியின் எடையை ஈடுகட்ட, பயணிகள் அமரும் கூட்டைக் கார்பன் இழையால் செய்தார்கள். பிரேக் போட்டால் மோட்டாரே டைனமோவாக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். சுரங்கத்தில் இறங்கும் கேஜின் பாரம் ஏறும் கேஜுக்கு உதவும் அல்லவா? வீணாகும் சக்தியைப் பயன்படுத்தும் அதே யோசனைதான்.

மின்சாரம் நம் ஊருக்குப் புதிதல்ல. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே வந்துவிட்டது. பெங்களூருக்குக்கூட அதன் பிறகுதான். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டு பெங்களூரில் 'ரேவா' என்ற சின்ன மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது.

ஐ-8 உற்பத்தி 2020-ல் நின்றது. ஆனால் இரட்டைச் சக்தி நுட்பம் மற்ற கார்களில் பெருகிவிட்டது. அங்கேதான் நமக்குச் சம்பந்தம். அதிகாலை ரயிலில் பெங்களூர் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகும் நம் பிள்ளைகள் கார்பரேட்டர் காலத்து அனுபவத்தை நம்பி இதில் கைவைக்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது முந்நூறு வோல்ட்டுக்கும் மேல். சாவியை எடுத்துவிட்டாலும் பேட்டரிக்குள் மின்சாரம் இருக்கும். முறைப்படி இணைப்பைத் துண்டித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். பயிற்சி தராமல் வேலையை மட்டும் வாங்கும் முதலாளியிடம் முடியாது என்று சொல்லத் தயங்க வேண்டாம். ஐ.டி.ஐ.யில் மின்வாகன மெக்கானிக் என்று தனிப்பிரிவே வந்துவிட்டது. பத்தாவது முடித்த பிள்ளைகள் விசாரித்துப் பார்க்கலாம்.