அலையும் ஓதமும்: கடலாற்றல் திட்டமிடலில் சொற்றெளிவு

கடலிலிருந்து மின்சாரம் பெறும் முயற்சிகளைத் தமிழில் எழுதுவோர் சிலர், ‘அலை மின்சாரம்’ என்னும் ஒரே தொடரால் இருவேறு ஆற்றல்களைச் சுட்டிவிடுகின்றனர். காற்று நீர்ப்பரப்பின்மீது வீசுவதால் எழுவது அலை. நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஓதம். மலாய் மொழி முன்னதை ஓம்பாக் என்றும் பின்னதைப் பாசாங் சூருட் என்றும் பிரித்தே வழங்குகின்றது. தமிழிலும் ஓதம் பழஞ்சொல்லே. இலங்கைத் தமிழர் அதனை வற்றுப்பெருக்கு என்பர்.

இவ்வேறுபாடு அகராதியோடு நின்றுவிடுவதன்று. இடத்தேர்வே இதனைப் பொறுத்தது. கேரளத்தின் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுக அலைதடுப்புச் சுவரை ஒட்டி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வின் பயனாக 150 கிலோவாட் திறனுடைய அலைமின் நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கிற்று. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறி இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்பட்டு, மீண்டும் உள்ளிழுக்கப்படும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் சுழலி அதனை மின்னாக்கிற்று. ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைக்கும் பிற மாதங்களின் அலைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு பெரிது.

ஓதமோ முன்கூட்டியே கணிக்கத்தக்கது. ஆனால் இடம் வாய்க்கவேண்டும். பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் 1966இல் 240 மெகாவாட் நிலையமும், தென்கொரியாவின் சிஹ்வாவில் 2011இல் 254 மெகாவாட் நிலையமும் எழுந்தன. இந்தியாவில் காம்பே வளைகுடாவில் ஓத உயரம் 10 மீட்டரையும் கடக்கும். சென்னைக் கரையிலோ அது ஏறத்தாழ ஒரு மீட்டரே. ஆகவே காம்பேக்குப் பொருந்தும் ஓத அணையைச் சோழமண்டலக் கரைக்குப் பரிந்துரைத்தல் பொருளற்றது.

இனி, மக்கள் பக்கம் நின்று காண்போம். கழிமுகத்தின் குறுக்கே எழும் ஓத அணை படகுவழியையும் மீன்களின் போக்குவரவையும் சதுப்புநிலக் காடுகளையும் மாற்றும். கடலடியில் நிறுத்தும் ஓத நீரோட்டச் சுழலி வலை வீசும் பரப்பைக் குறைக்கும். அலைதடுப்புச் சுவரோடு இணைந்த அலை நிலையத்தின் தாக்கம் வேறு. அறிவிப்பில் ‘அலைத்திட்டம்’ என்று மட்டும் அச்சிட்டால், தாம் எதற்கு இசைவு தருகின்றோம் என்பதை மீனவர் எவ்வாறு அறிவர்?

கடல் காணாத ரிங்லெட் மக்களுக்கு இவ்வினா அயலானதன்று. 1963இல் முடிவுற்ற சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம் இவ்வூரின் அருகிலேயே உள்ளது. மலைச்சரிவுகளில் காடு திருத்தியதால் அரித்து வந்த மண், அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. மின்திட்டம் என்பது பொறியியல் மட்டுமன்று; நீர் எப்போது, எவ்வழி வரும் என்பதை அங்கு வாழ்வோர் விளங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதன் உறுப்பே என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று.

ஆகவே அலையாற்றல், ஓத ஆற்றல், ஓத நீரோட்ட ஆற்றல் என மூன்றையும் பிரித்து வழங்குவோம். 2004க்குப் பின் பரவிய ஆழிப்பேரலை என்னும் சொல்லை இவற்றுள் எதனோடும் கலவாதிருப்போம். திட்ட வரைவு முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரை அழைப்பதினும், வரைவு தொடங்கும்போதே கரையோர மக்களின் சொற்களைக் கேட்டுத் தொகுப்பதே முறை. தம் சொல்லால் எழுதப்பெற்ற திட்டத்தையே அவர்கள் ஆராய்ந்து ஏற்கவும் மறுக்கவும் இயலும்.