வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லும் எமது சிறு தொழில்களும்

கிராமத்தில் ஒரு பொருளின் தரத்துக்கு வாய்ச்சொல்லே உத்தரவாதம். எந்த வீட்டுப் பனங்கட்டி கலப்படமற்றது, யார் இழைத்த பாய் பல வருடங்கள் நின்றுபிடிக்கும் என்பதை அயலவர் அறிவர். விளம்பரத்துக்குப் பணமில்லாத உற்பத்தியாளருக்கு இந்த நற்பெயரே மூலதனம்.

இன்று சந்தையின் எல்லை விரிந்துவிட்டது. ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகரிலும், விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் எம்மவரிலும் பலர், வழியில் எங்கே எதை வாங்கலாம் என்பதைக் கைத்தொலைபேசியில் கூகுள் வரைபடத்தைப் பார்த்தே தீர்மானிக்கின்றனர். பனையோலைப் பெட்டியும் பனாட்டும் ஒடியலும் விற்கும் பெண்கள் குழுவொன்றின் கடையைப் பற்றி அங்கே ஒரு வரிதானும் இல்லையெனில், அவர்களது வாகனம் நில்லாமலே சென்றுவிடும். நட்டம் அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்கே.

பொருள் நல்லதாயின் மக்கள் தாமாகவே எழுதுவர் என எண்ணுவது தவறு. திருப்தியுற்றவர் மௌனமாகப் போய்விடுவார். கோபமுற்றவரே உடனே எழுதுவார். ஆகவே கேட்க வேண்டும். கேட்பது இரந்து நிற்பதாகாது.

எப்படிக் கேட்பது?

முதலில், மக்கள் நேரில் வந்து வாங்கும் கடையைக் கூகுளில் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பதிவு குழுவின் பெயரிலான கணக்கில் இருக்கட்டும். குறைந்தது இருவராவது அதைக் கையாளக் கூடியவராய் இருக்கட்டும். பதிந்து கொடுத்த இளைஞர் வெளிநாடு சென்றால் கணக்கும் அவரோடு போய்விடக் கூடாது.

அடுத்து, பொருளைக் கையளிக்கும் வேளையில், "நீங்கள் கண்டதை நாலு வரி எழுதிவிடுங்கள், அக்கா" என்று கேளுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். கருத்துரைப் பக்கத்துக்கான இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். கியூஆர் குறியீடாக அச்சிட்டுக் கடை மேசையில் ஒட்டியும் வைக்கலாம்.

செய்யக் கூடாதவை

கருத்துரைக்குப் பதிலாக விலைக்கழிவோ அன்பளிப்போ கொடுப்பதைக் கூகுளின் விதிகள் தடைசெய்கின்றன. மகிழ்ச்சியோடு போகிறவரை மட்டும் தெரிந்து கேட்பதும், குழு அங்கத்தவர் தம் கடையைத் தாமே புகழ்ந்து எழுதுவதும் அவ்வாறே. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் தடுக்கின்றது. எமக்கோ இது சட்டத்துக்கும் மேலான விடயம். பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளை நீதிமன்றத்தில் மட்டுமன்றி, கடை வாசலிலும் செல்லுபடியாகும்.

குறை சொல்பவர் எதிரியல்லர்

எல்லோரிடமும் கேட்டால் குறைகளும் வரும். "பனாட்டில் மணல் கடிபடுகிறது" என ஒருவர் எழுதினால் வாதாட வேண்டாம். நன்றி சொல்லுங்கள், இனிக் காயவைக்கும் பாய்களை நிலத்தில் விரியாது பரணில் விரித்து, மெல்லிய துணியால் மூடுங்கள், செய்தபின் அதைப் பதிலாக எழுதுங்கள். அந்தப் பதிலை அடுத்து வருபவரும் வாசிப்பார். குறையே இல்லாத கடையைவிட, குறையைத் திருத்துகின்ற கடையை மக்கள் நம்புவர்.

அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வந்த கருத்துரைகளை, எழுத வாசிக்கத் தெரியாத அங்கத்தவரும் கேட்கும்படி உரத்து வாசியுங்கள். தம் கைவேலையைப் பற்றி முன்பின் அறியாத ஒருவர் சொன்னது அவர்களது காதிலும் விழட்டும். பாராட்டு ஊக்கந்தரும், குறை வழிகாட்டும். இரண்டும் உழைப்பாளிக்கு உரியவையே.