குதிகால் நாண் நோவு

கிரேக்க வீரன் அக்கிலீசு குதிகாலில் அம்பு தைத்து மாண்டான் என்பது பழங்கதை. அவன் பெயரைத் தாங்கிய நாண் ஒன்று நம் ஒவ்வொருவர் காலிலும் உண்டு. கெண்டைக்கால் தசைகளைக் குதி எலும்புடன் பிணைக்கும் அந்நாணே உடலில் உள்ள நாண்கள் யாவற்றினும் தடித்தது. நாம் ஓடுகையில் உடல் எடையைப் போல் பல மடங்கு சுமையை அது தாங்குகிறது.

விளையாட்டு விழா நெருங்கும்போதெல்லாம் எங்கள் விடுதியில் இரு வகையினரைக் காண்கிறேன். நோவைப் பொருட்படுத்தாது பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோர் ஒரு சாரார். ஓட்டத்தையே துறந்து கட்டிலில் கிடப்போர் மற்றொரு சாரார். இரண்டும் நாணுக்கு நன்மை செய்வன அல்ல. ஏன்?

நாண் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆன கயிறு. குதிக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் அங்கே பழுது சீராவதும் மெதுவே. பயிற்சியைத் திடீரென மிகுத்தால் இழைகள் ஒழுங்கு குலைந்து நாண் தடிக்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே விறைப்பும் நோவும் தோன்றும். தைலமும் மாத்திரையும் நோவைத் தணிக்கலாம், நாணை வலுப்படுத்தா. முழு ஓய்வோ அதை மேலும் நலியச் செய்யும். அளவறிந்து ஏற்றும் சுமையே அதற்கு மருந்து.

1998-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரட்சன் இதனைச் செய்து காட்டினார். நாட்பட்ட நோவுற்ற 15 பேருக்கு அவர் 12 வாரப் பயிற்சி அளித்தார். பதினைவரும் மீண்டும் ஓடினர். பயிற்சி எளிது. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் துணையால் எழும்பி, நோவுள்ள காலின் குதியை மட்டும் மெல்லத் தாழ்த்த வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று. சற்றே மடக்கி மூன்று சுற்று. நாள்தோறும் இரு வேளை. சிறிது நோவு இருப்பினும் தொடரலாம். மறுநாள் காலை நோவு மிகுமாயின் குறைத்துக்கொள்க. நாண் எலும்போடு சேருமிடத்தில் நோவுடையோர் படியை விடுத்துச் சமதரையிலேயே செய்க.

ஓர் எச்சரிக்கை: பின்னிருந்து எவரோ உதைத்தாற்போலத் திடுமென வலித்து, நுனிக்காலில் நிற்க இயலாது போனால் நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவரை நாடுக. சிப்ரோஃப்ளாக்சசின் இன மருந்துகளை உண்ணும்போது நாணில் நோவு கண்டாலும் மருத்துவரிடம் உடனே கூறுக.

பன்னிரண்டு வாரம் நீண்ட காலந்தான். ஆயினும் விழா ஆண்டுதோறும் வரும், கால்களோ இரண்டே.