குதிகால் நாணும் விளையாட்டுப் பயிற்சியும்

எமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் மேசன் வேலை செய்பவர். சுற்றுப்போட்டி நெருங்கியதும் பல மாதங்களின் பின் கரப்பந்தாட்டத்துக்கு இறங்கினார். இரண்டு கிழமை நாள் தவறாமல் பயிற்சி. குதிகாலுக்கு மேலே நோவு கண்டபோது, "விளையாட விளையாடச் சரியாகும்" என்றே எல்லோரும் சொன்னோம். போட்டியன்று பந்தை அடிக்க எழும்பியவர், பின்னால் யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து விழுந்தார். குதிகால் நாண் அறுந்திருந்தது. பல மாதங்களாக அவரால் சாரத்தில் ஏற முடியவில்லை. வீட்டுக்கு வருமானமும் இல்லை. நாம் சொன்ன ஆலோசனை எவ்வளவு தவறானது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

தசைநாண் என்றால் என்ன? தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான கயிறே அது. வில்லில் கட்டுவதற்கும் நாண் என்றுதானே பெயர்! கொலாஜன் என்னும் புரத இழைகள் பல சேர்ந்து, கயிற்றுப் புரிபோல் அமைந்தது இந்த நாண். ஓடும்போது குதிகால் நாண் உடல் நிறையின் பல மடங்கு சுமையைத் தாங்குகிறது. இழுபட்டுச் சுருங்கி, உடலை முன்னே தள்ளவும் உதவுகிறது.

பயிற்சியால் நாணும் பலப்படும். இழைகளுக்கிடையே உள்ள உயிர்க்கலங்கள் இழுவையை உணர்ந்து புதிய கொலாஜனை உருவாக்குகின்றன. ஆனால் கடும் பயிற்சியின் பின் முதல் ஒரு நாளுக்கு மேலாகச் சிதைவே மேலோங்கி நிற்கும். அதன் பின்னரே ஆக்கம் முந்துகிறது. அது மூன்று நாள் வரை தொடரலாம். நாள்தோறும் கடுமையாகத் துள்ளினால் சிதைவு மட்டுமே மிஞ்சும்.

மேலும், தசை சில கிழமைகளில் வலுப்பெற்றுவிடும். நாண் உறுதிபெற ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். பலத்த தசை, பழைய கயிறு: ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இளமையில் நாணைப் பேணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் காபன் பெருகியது. அது மனித உடலிலும் சேர்ந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் அதனை அளந்து, குதிகால் நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, பின்னர் பெரும்பாலும் புதுப்பிக்கப்படுவதில்லை என 2013இல் அறிவித்தனர்.

நோயுற்ற நாணுக்கு முழு ஓய்வு மட்டும் மருந்தல்ல. சுவீடன் நாட்டு வைத்தியர் ஹோக்கன் அல்பிரெட்சன் குழுவினர், நெடுநாள் குதிகால் நாண் நோவுள்ள 15 ஓட்டக்காரருக்குக் கொடுத்த பயிற்சியின் பலனை 1998இல் வெளியிட்டனர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோவுள்ள காலின் குதியை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே எழும்ப மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டியபடி 15 தடவை வீதம் மூன்று சுற்று. சற்று மடித்தபடி மீண்டும் மூன்று சுற்று. காலையும் மாலையுமாக 12 கிழமை செய்த 15 பேரும் மீண்டும் ஓடினர்.

ஆகவே, விளையாட்டுக் கழகத்தினரும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டியவை:

1. போட்டிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

2. கடுமையாகத் துள்ளும் இரு நாட்களுக்கிடையே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

3. பயிற்சிக்கு மறுநாள் காலையில் நாண் விறைத்து நொந்தால், சுமையைக் குறையுங்கள்.

4. நாணில் ஸ்டெரொயிட் ஊசி போட்டுக்கொண்டு விளையாட வேண்டாம். சிப்ரோபுளொக்சசின் போன்ற சில நுண்ணுயிர்கொல்லிகளும் நாணைப் பலவீனமாக்கக்கூடும். அவற்றை எடுக்கும்போது நாண் நொந்தால் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

5. வளரும் பிள்ளைகளின் குதிகால் நோவுக்கு வேறு காரணங்களும் உண்டு. வைத்தியரிடம் காட்டுங்கள்.

6. திடீரென உதைபட்டதுபோல் உணர்ந்து, நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கிண்ணம் அடுத்த வருடமும் கிடைக்கும். உழைத்து வாழும் ஒருவருக்கு அவருடைய கால்தான் சொத்து.