போர்முனை விநோதங்கள் – 17: குண்டுக்கு உடையாத ஐஸ்

1943 ஆகஸ்ட். கனடாவின் கியூபெக் நகரில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் தத்தம் தளபதிகளோடு கூடியிருந்தார்கள். தளபதிகளின் அறைக்குள் லூயி மவுன்ட்பேட்டன் இரண்டு ஐஸ் பாளங்களைக் கொண்டுவரச் செய்தார். நமக்குக் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அவரேதான். கைத்துப்பாக்கியை எடுத்து முதல் பாளத்தைச் சுட்டார். அது தூள் தூளானது. இரண்டாவதைச் சுட்டார். பாளம் அசையவில்லை. குண்டு தெறித்துத் திரும்பி, நின்றிருந்தவர்களின் கால்களைச் சுற்றிப் பறந்தது.

அந்தப் பாளத்தின் பெயர் பைக்ரீட். எடையில் 14 சதவீதம் மரக்கூழ், மீதி தண்ணீர். கலந்து உறைய வைத்தால் முடிந்தது வேலை. மண்சுவருக்கு வைக்கோல் செய்வதை இங்கே மரநார் செய்கிறது. விரிசல் விழுந்தாலும் ஓடவிடாது. உருகுவதும் மெதுவாகத்தான். ஐஸுக்கும் மரத்தூளுக்கும் உள்ள உறவு சென்னைக்குப் பழசு. 19-ஆம் நூற்றாண்டில் பாஸ்டனிலிருந்து மாதக்கணக்கில் கடலில் வந்து மெரினாவின் ஐஸ் ஹவுஸில் இறங்கிய பாளங்களை மரத்தூள்தான் காப்பாற்றியது. அங்கே அது போர்வை. பைக்ரீட்டில் அதுவே எலும்பு.

பெயருக்குக் காரணமானவர் ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர். கலவையைக் கண்டுபிடித்தது அவரல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஹெர்மன் மார்க் குழு. ஆனால் ஐஸில் கப்பல் கட்டலாம் என்ற கிறுக்கு யோசனை முழுக்க பைக்குடையது. 1914-ல் கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோதே, போலி அமெரிக்க பாஸ்போர்ட்டோடு நிருபர் வேடத்தில் பெர்லினுக்குள் நுழைந்தவர். சீக்கிரமே மாட்டிக்கொண்டார். மறு வருஷம் ரூலேபன் முகாமிலிருந்து தப்பி ஹாலந்து போய்ச் சேர்ந்தார். பிறகு புதுமையான ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார், உலோகச் சந்தைச் சூதாட்டத்தில் சம்பாதித்தார், அதிலேயே திவாலானார்.

இரண்டாம் போரில் நேச நாடுகளின் தலைவலி அட்லாண்டிக்கின் நடுப்பகுதி. கரையிலிருந்து கிளம்பும் விமானம் அங்கே எட்டாது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குக் கொண்டாட்டம். விமானந்தாங்கிக் கப்பல் கட்டவோ எஃகுக்குப் பஞ்சம். ஐஸிலேயே கட்டுவோம் என்றார் பைக். 2,000 அடி நீளம், 40 அடி கனத்தில் சுவர், சுமார் 20 லட்சம் டன். டைட்டானிக் வெறும் 883 அடிதான். திட்டத்துக்கு விவிலியத் தீர்க்கதரிசி ஆபகூக்கின் பெயரை வைத்தார்கள். ஆவணங்களில் அதைத் தப்பும் தவறுமாக எழுதினார்கள் என்பது தனிக்கதை.

சோதனை நடந்த இடம் இன்னும் விசேஷம். லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு அடியில் ஒரு குளிர்கிடங்கு. உறைந்து தொங்கும் உரித்த மாடுகளுக்குப் பின்னால் ஒளிந்து, பைக்ரீட்டை வளைத்தும் நொறுக்கியும் பார்த்தார் மேக்ஸ் பெருட்ஸ். ஆஸ்திரியாவில் பிறந்தவர் என்பதற்காக 1940-ல் பிரிட்டன் சிறைபிடித்துக் கனடாவுக்கு அனுப்பிய அதே பெருட்ஸ். தேவை வந்ததும் பகைவர் நிபுணராகிவிட்டார்! எதற்காக இந்த ஆராய்ச்சி என்று முதலில் அவரிடம்கூடச் சொல்லவில்லை. 1962-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

குறையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பைக்ரீட் உடையாது, ஆனால் தன் பாரம் தாங்காமல் மெல்ல மெல்லத் தொய்ந்துபோகும். அதைத் தடுக்க மைனஸ் 15 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதற்குக் கப்பல் முழுக்கக் குளிர்க்குழாய்கள், வெப்பத் தடுப்பு, இயந்திரங்கள். கணக்குப் போட்டால் எஃகு எக்கச்சக்கமாகத் தேவைப்பட்டது. எஃகை மிச்சம் பிடிக்கப் பிறந்த திட்டத்தை எஃகே சாய்த்தது. அதற்குள் விமானங்கள் நெடுந்தூரம் பறக்கத் தொடங்கின. போர்ச்சுகலும் அசோர்ஸ் தீவுகளில் விமானதளம் தந்துவிட்டது. 1943 முடிவதற்குள் திட்டத்தை மூடினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று இதை ஒதுக்குவது சரியல்ல. இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

பைக் 1948 பிப்ரவரியில், லண்டனில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கப்பலின் மாதிரி ஒன்று மட்டும் உருவானது. கனடாவின் ஜாஸ்பர் அருகே பாட்ரிஷியா ஏரியில், 60 அடி நீளம், 30 அடி அகலம், 1,000 டன் எடையில் சாதாரண ஐஸால் கட்டினார்கள். கட்டியவர்களில் பலர், மனசாட்சி இடம் தரவில்லை என்று ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள். போர்க்கப்பலுக்குத்தான் உழைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனபிறகும், அது முழுசாக உருக மூன்று கோடைகள் பிடித்தன. அதன் குளிர்க்குழாய்களும் மரச்சட்டங்களும் இன்னமும் ஏரியின் அடியில் கிடக்கின்றன.

(தொடரும்)